ஆபரேஷனுக்குப் பிறகும் ஓயாத செருமல்

நெஞ்செரிச்சலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எரிச்சல் போய்விட்டது. தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது மட்டும் போகவில்லை. நாள் முழுக்கச் செருமுகிறேன். ஆபரேஷன் வீணா?"

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட முடியாது. இரைப்பையின் மேல்பகுதியை இழுத்து, உணவுக்குழாயின் அடிப்பகுதியைச் சுற்றித் தைப்பதுதான் இந்தச் சிகிச்சை. ருடால்ஃப் நிஸ்ஸன் 1956-இல் வெளியிட்ட முறை. இப்போது லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, செய்கிறார்கள். தையல் தளர்ந்திருக்கலாம். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு 24 மணி நேரம் அமிலத்தை அளந்தால், எதுக்களிப்பு தொடர்கிறதா என்று தெரிந்துவிடும்.

சரி, அளவீட்டில் ஒன்றுமில்லை என்றால்? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. மூச்சுக்குழாய்க்குள் ஒரு சொட்டு நீர்கூட இறங்காமல் பார்த்துக்கொள்வது குரல்வளையின் பொறுப்பு. அதற்கென்றே மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை அதன் மேல்பகுதிச் சவ்வில் பரவியிருக்கிறது. அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் பல காலம் சீண்டினால் இந்த நரம்பு கூருணர்வு கொண்டுவிடலாம். இலை அசைந்தாலும் குரைக்கும் நாய் மாதிரி, எச்சில், குளிர்காற்று, கொஞ்சம் சத்தமான பேச்சு என எதற்கும் "ஏதோ இருக்கிறது" என்று மூளைக்குச் சேதி போகும். உடனே செருமுகிறோம். குரல்நாண்கள் இறுக மூடி, கீழிருந்து வரும் காற்றின் அழுத்தத்தில் ஒன்றோடொன்று உரசுகின்றன. உரசிய இடம் லேசாக வீங்குகிறது, சளி சுரக்கிறது. இப்போது நிஜமாகவே அங்கே ஏதோ இருக்கிறது! மறுபடி செருமல். இந்தச் சுழற்சி ஓட அமிலம் தேவையே இல்லை.

முதலிலிருந்தே காரணம் அமிலம்தானா என்பதும் கேள்விதான். தொண்டைத் தொந்தரவு நீடித்தவர்களுக்கு அமிலச் சுரப்பைக் குறைக்கும் லான்சோபிரசோல் மாத்திரையை 16 வாரம் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2021-இல் வெளியானது. வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. ஆனாலும் மாத்திரைக்குக் கிடைக்கும் ஆராய்ச்சிப் பணமும் கவனமும் செருமலை விடக் கற்றுத்தரும் பேச்சுப் பயிற்சிக்குக் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம். பயிற்சியாளர் சொல்லித் தருவதில் ஒன்று எளிது: செருமத் தோன்றும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணீர், அல்லது எச்சிலையே அழுத்தி விழுங்குவது. விழுங்கும்போதும் குரல்நாண்கள் மூடும், ஆனால் அந்த உரசல் இல்லை. பழக்கம் விடச் சில வாரங்கள் பிடிக்கலாம்.

அதற்கு முன் ஒரு விஷயம். சோறு அடைக்கிறது, எடை குறைகிறது, சளியில் ரத்தம், மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல் என்று எது இருந்தாலும், முதலில் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போய் உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிடுங்கள்.