காய்ச்சலுக்கு முன்பே உடலில் இருப்பவை

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஈரோட்டில் எங்கள் புறநோயாளிகள் பிரிவில் காய்ச்சல்காரர்களின் வரிசை நீண்டுவிடும். ஒவ்வொருவரிடமும் காய்ச்சலைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பே, "சக்கரை, பிரஷர், வீசிங் ஏதாவது இருக்குதுங்களா?" என்று கேட்டுவிடுவேன். பெரும்பாலும் வரும் பதில் "இல்லைங்க" என்பதே. பரிசோதித்து இல்லையென்று தெரிந்தவர்களும், ஒருமுறைகூடப் பார்க்காதவர்களும் அதே பதிலைத்தான் சொல்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், கோபிப் பக்கத்திலிருந்து 56 வயது மஞ்சள் விவசாயி ஒருவர் காய்ச்சலின் ஐந்தாம் நாளில் வந்தார். "சளிக்காச்சல்தானுங்க, ரெண்டு ஊசி போட்டாச்சுங்க" என்று சொல்வதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார். வலது கால் கட்டைவிரலில் மண்வெட்டி பட்ட காயம் ஆறு வாரமாக ஆறாமல், வேட்டிக் கிழிசலால் சுற்றப்பட்டிருந்தது. விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை 412. ஆக்சிஜன் அளவு 88. அவருடைய நுரையீரலைப் பாதித்தது ஃப்ளூ வைரஸ்தான் என்றாலும், பல ஆண்டுகளாகக் கவனிக்கப்படாத சர்க்கரை அதற்கு முன்பே வழியைத் திறந்து வைத்திருந்தது.

சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. காய்ச்சலின்போது சுரக்கும் ஹார்மோன்கள் சர்க்கரையை மேலும் ஏற்றுவதால், ஒன்றை ஒன்று வளர்க்கும் நிலை உருவாகிறது; வைரஸ் நிமோனியாவின் மேல் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ள இது இடம் கொடுக்கிறது.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு கவலை பஞ்சுத் தூசு. நூல் மில்லில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமிலும், அதைச் சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் நெடுங்காலம் வேலை பார்த்தவர்களில் சிலருக்கு, வார விடுமுறை முடிந்து மில்லுக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். அதைச் சோர்வென்று ஒதுக்காமல் மூச்சுத்திறன் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே சுருங்கிய மூச்சுக்குழாயில் வைரஸின் வீக்கமும் சேர்ந்தால் தாங்காது.

மூட்டுவலிக்குக் கடையில் பேரில்லாத பொட்டலமாக வாங்கும் மாத்திரைகளைப் பற்றி மிகுந்த வருத்தத்துடன் எழுதுகிறேன். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மாதக்கணக்கில் தின்றால் எதிர்ப்புச் சக்தி குறையும். திடீரென நிறுத்தினாலும் ஆபத்து. அந்தப் பொட்டலத்தைத் தயங்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதய நோய், சிறுநீரக நோய், அதிக உடல் பருமன், கர்ப்பம், புற்றுநோய் சிகிச்சை, 65 வயதைக் கடந்த முதுமை ஆகியவையும் இதே வரிசையில் வருபவை. ஃப்ளூ தாக்கிய முதல் வாரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பும் கூடுகிறது.

இத்தகையவர்கள் மூன்று நாள் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஃப்ளூவுக்கான ஓசெல்டமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்தில் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். இன்சுலினைத் தாமாக நிறுத்தக் கூடாது. வாந்தியால் சாப்பிட முடியாதபோது மட்டும் எந்தச் சர்க்கரை மாத்திரையைத் தற்காலிகமாக விடுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஃப்ளூ தடுப்பூசி பலன் தர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகுமாதலால், புரட்டாசியிலேயே போட்டுக்கொள்வது நல்லது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தின் வழியாக வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும் நாளில் தோட்ட வேலையைச் சற்றுத் தள்ளிவையுங்கள்.

அந்த விவசாயி பதினொரு நாள் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பினார். அடுத்த மாதம் மனைவியையும் அழைத்து வந்து, "இவளுக்கும் ஒருக்கா பாத்துருங்க" என்றார். அந்த அம்மாவுக்குக் காலை வெறும் வயிற்றிலேயே சர்க்கரை 168 இருந்தது.