அணியின் பெயரோடு நின்றுவிடாதீர்கள்

விடைத்தாள் திருத்தும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற வரி இது: 'இப்பாடலில் உவமை அணி பயின்று வந்துள்ளது.' அதோடு சரி. எதை எதோடு ஒப்பிட்டார்கள், அதனால் பாட்டுக்கு என்ன கிடைத்தது என்பதைப் பற்றிப் பேச்சே இருக்காது. மதிப்பெண் வந்துவிடும், பாட்டு பிடிபட்டிருக்காது.

முதல் குழப்பமே உவமைக்கும் உருவகத்துக்கும் இடையில்தான். 'போல' வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம் என்று மனப்பாடம் செய்தவர்கள் 'மதிமுகம்' என்ற சொல்லில் தடுமாறிவிடுகிறார்கள், ஏனென்றால் மதி போன்ற முகம் என்று விரிகிற அந்த உவமைத்தொகையில் 'போன்ற' என்கிற உருபு மறைந்துதானே இருக்கிறது. அதையே 'முகமதி' என்று திருப்பிப் போட்டால் முகமே மதியாகிவிடும், அது உருவகம். ஆகவே உருபைத் தேடாதீர்கள், இரண்டு பொருளும் தனித்தனியாக நிற்கின்றனவா, ஒன்றாகிவிட்டனவா என்று பாருங்கள்.

'பிறவிப் பெருங்கடல் நீந்துவர்' என்கிற 10ஆவது குறளில் பிறவி கடலாகிறது, ஆனால் அதைக் கடக்க உதவும் இறைவனடியைத் தெப்பம் என்று வள்ளுவர் சொல்லவில்லை. ஒன்றை உருவகமாக்கி, அதனோடு தொடர்புடைய இன்னொன்றை அப்படியே விடுவதுதான் ஏகதேச உருவகம். சொல்லாமல் விட்ட தெப்பத்தைப் படிக்கிறவர் தானே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, குறளின் அழகே அங்கேதான் இருக்கிறது.

அணியைவிட முக்கியம் என்று நான் நினைப்பது கூற்று. பேசுவது யார், கேட்பது யார்? 'யாரும் இல்லைத் தானே கள்வன்' என்று தொடங்கும் குறுந்தொகை 25ஆம் பாட்டைப் பாடியவர் கபிலர், ஆனால் அதில் பேசுகிறவள் தலைவி, கேட்கிறவள் தோழி. 'கபிலர் வருந்துகிறார்' என்று எழுதினால் பாட்டே கைவிட்டுப் போய்விடும். தலைவன் தன்னோடு கூடிய அன்று அங்கே வேறு யாருமில்லை, குருகு என்கிற ஒரு நீர்ப்பறவை மட்டும் இருந்தது என்கிறாள். தினைத்தாள், அதாவது தினைப்பயிரின் தண்டு, போன்ற சிறிய பசுங்கால்களோடு ஓடும் நீரில் நின்ற குருகு. 'தினைத்தாள் அன்ன' என்பதில் உவமையைப் பார்த்ததும் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் பாருங்கள், அந்தக் குருகு பார்த்துக்கொண்டிருந்தது ஆரல் மீனை! இருந்த ஒரே சாட்சியும் இவர்களைக் கவனிக்கவில்லை. அவன் பொய் சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்கிற அவள் பயம் முழுக்க அந்த ஒரு பார்வைக்குள் இருக்கிறது.

படிமம், குறியீடு இரண்டையும் கலக்காதீர்கள். படிமம் கண்முன் காட்சியாக நிற்கும், குறியீடு தன்னைத் தாண்டி வேறொன்றைச் சுட்டும். கதைகளிலும் கதைசொல்லி வேறு, ஆசிரியர் வேறு.

அடுத்த பாட்டைப் படித்ததும் ஒரு கலைச்சொல்கூட இல்லாமல் நாலு வரி எழுதிப் பாருங்கள்: யார், யாரிடம், என்ன நிலையில், என்ன சொல்கிறார். அப்புறம் பொருந்துகிற சொல்லைச் சேருங்கள். எதுவும் பொருந்தவில்லையென்றால் அந்த நாலு வரியே போதும்.