வெப்பமானி சொல்லாத வெப்பம்

காற்றின் வெப்பநிலை 34 டிகிரி செல்சியஸ். வறண்ட காற்று வீசினால் அதில் ஓரளவு வேலை பார்த்துவிடலாம். அதே 34 டிகிரியில் காற்று அசையாமல் புழுங்கினால் உடல் தவித்துப்போகும். இந்த வித்தியாசம் சாதாரண வெப்பமானிக்குத் தெரியாது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. கடும் உழைப்பில் அது நான்கைந்து மடங்காகும். உள்ளுறுப்புகள் 37 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டுமானால் இந்த வெப்பம் வெளியேறியாக வேண்டும். சுற்றியுள்ள காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால் வியர்வையை விட்டால் வேறு வழியில்லை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. ஆவியானால்தான்! சொட்டிக் கீழே விழும் வியர்வையால் நீரிழப்புதான் மிச்சம்.

1950களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெப்பத்தால் சுருண்டு விழுவதைத் தடுக்க ஓர் அளவீடு உருவானது. அதற்கு மூன்று வெப்பமானிகள் வேண்டும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். அது வியர்த்த தோலின் இடத்தில் நிற்கிறது. இன்னொன்று வெயிலை வாங்கும் கறுப்புக் கோளத்துக்குள் இருக்கும். மூன்றாவது வழக்கமானது. கூட்டும்போது ஈரக்குமிழுக்கு 70 சதவீதம், கோளத்துக்கு 20, காற்றின் வெப்பநிலைக்கு வெறும் 10. வானிலை அறிக்கையில் நாம் முதலில் தேடும் எண்ணுக்கு இவ்வளவுதான் மதிப்பு.

ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் மனித உடலால் தாங்க முடியாது என்று 2010இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை மாத்திரை வடிவ வெப்பமானியை விழுங்கவைத்துச் சோதித்தார்கள். புழுக்கத்தில் லேசான வேலை செய்தபோது, ஈரக்குமிழ் சுமார் 31 டிகிரியைத் தொட்டபோதே அவர்களின் உள்வெப்பம் ஏறத் தொடங்கிவிட்டது. முதியவர்களுக்கு எல்லை இன்னும் கீழே.

குளிரில் காற்றுதான் வில்லன். தோலை ஒட்டியுள்ள வெதுவெதுப்பான காற்றுப் படலத்தை அது அடித்துக்கொண்டு போய்விடும். சைப்பிள், பாசெல் என்ற இருவர் அண்டார்க்டிகாவில் பிளாஸ்டிக் உருளையில் நீர் உறையும் வேகத்தை அளந்து, காற்று வீசும்போது குளிர் எவ்வளவு கூடுதலாக உறைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். உருளைக்கு ரத்த ஓட்டம் ஏது? அதனால் அந்தக் கணக்கு குளிரை மிகைப்படுத்தியது. 2001இல் அமெரிக்காவும் கனடாவும், குளிர்காற்றில் நடந்த தன்னார்வலர்களின் முகத்தில் உணரிகளைப் பொருத்தி அதைத் திருத்தின.

வானிலை அறிக்கையில் ‘காற்றோடு சேர்த்து மைனஸ் 5’ என்று அறிவித்தாலும், காற்றின் வெப்பநிலை 2 டிகிரியாக இருந்தால் தோல் உறையாது. காற்று வெப்பத்தை விரைவாகப் பறிக்குமே தவிர, எந்தப் பொருளையும் தன்னைவிடக் குளிர்விக்காது. ஈரத் தோல் மட்டும் விலக்கு: ஆவியாதல் அங்கேயும் தன் வேலையைக் காட்டும்.