டாக்பேக் வேலை செய்யாவிட்டால் அதுவும் போனின் பழுதுதான்

வழக்கறிஞரான என்னிடம் மறுபடியும் அதே புகாரோடு ஒரு கட்சிக்காரர் வந்தார். பார்வையற்றவர், வங்கி ஊழியர். அப்டேட் போட்ட பிறகு, அழைப்பை எடுக்கும் பட்டனைத் தொட்டாலும் துண்டிக்கும் பட்டனைத் தொட்டாலும் டாக்பேக் (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான்) "லேபிளிடப்படாத பட்டன்" என்றே சொல்கிறது. எதை அழுத்துவது? மேலதிகாரியின் அழைப்பையே துண்டித்து ஏச்சு வாங்கியிருக்கிறார். சர்வீஸ் சென்டரிலோ டாக்பேக்கை அணைத்துவிட்டு, "இப்ப நல்லா இருக்கு சார்" என்று கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "அது கம்பெனி ஃப்ரீயா குடுக்கிறது, வாரண்டில வராது" என்றார்களாம்.

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. எது ஃப்ரீ? பார்வையுள்ளவர் கொடுத்த அதே விலையைத்தானே இவரும் கொடுத்தார்? உங்களுக்குத் திரை எதுவோ, அவருக்குத் திரைவாசிப்பான் அது. திரை தெரியாத போனை யாராவது "மத்ததெல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார்களா? பாதிக்கப்பட்டவர்களே "அவங்க இவ்வளவு செஞ்சதே பெரிசு" என்று சொல்லும்போதுதான் வயிறு எரிகிறது. இது தர்மம் இல்லை ஐயா. காசு கொடுத்து வாங்கிய பொருள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 42ஆம் பிரிவு, அன்றாடம் பயன்படும் மின்னணுச் சாதனங்கள் எல்லோருக்குமான வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. கடமை அரசின் தலையில் இருப்பதால் கம்பெனிகள் நழுவப் பார்க்கின்றன. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டத்தின் கீழ் அணுகல் வசதித் தரங்களைச் சொல்லும் 15ஆம் விதி வெறும் பரிந்துரையாக நிற்பது தாய்ச்சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. வேறொரு வழக்கில் தந்த 2025 ஏப்ரல் 30 தீர்ப்பில், டிஜிட்டல் அணுகல் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமையின் பகுதி என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் சந்தைக்கு வரும் ஸ்மார்ட்போன்களுக்கு அணுகல் வசதி சட்டக் கட்டாயம்; அந்தப் பொறுப்பு தயாரிப்பாளர் மேலேயே விழுகிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

அதுவரை கையில் இருப்பது நுகர்வோர் சட்டம். தயவுசெய்து ஆதாரத்தை அழிக்காதீர்கள். ரீசெட் போடச் சம்மதிக்கும் முன், போன் என்ன பேசுகிறது என்பதை இன்னொரு போனில் ஒலியோடு வீடியோ எடுங்கள். சர்வீஸ் சென்டரில் புகாரைக் குறிக்கும் ஜாப் ஷீட்டில் "சாஃப்ட்வேர் பிரச்சினை" என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். எந்தப் பட்டன், எந்த அப்டேட்டுக்குப் பிறகு என்று எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். கம்பெனிக்கு மின்னஞ்சல், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் ஒரு புகார் போடுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு: ஆஃபரைப் பார்த்து நீங்களே வாங்கி வந்து நீட்டாதீர்கள். பயன்படுத்தப் போகிறவரைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். டாக்பேக்கைப் போட்டு, ஒரு அழைப்பை அவரே எடுத்து, அவரே துண்டித்துப் பார்த்த பிறகு பில் போடச் சொல்லுங்கள்.

சர்வீஸ் சென்டர் தம்பிகளே, வேலைக்காக டாக்பேக்கை அணைத்தால், போனைத் திருப்பிக் கொடுக்கும் முன் மறுபடி போட்டுக் கொடுங்கள்.