எல்இடி பல்பு மாட்டியும் ஈபி பில் குறையவில்லையா? பணம் போகும் இடங்கள் இவை

"வீடு முழுக்க எல்இடி மாட்டியாச்சு, பில் மட்டும் அப்படியேதான் வருது" என்று புலம்பாதவர்கள் சென்னையில் குறைவு. பெரும்பாலும் பல்பு மேல் தப்பு இல்லை. பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி கொடுத்துவிடுகிறது. ஆனால் மிச்சமான கரண்ட் பணமாக உங்கள் கைக்கு வருமா என்பது மீட்டரையும், ஸ்லாப் எனும் கட்டணப் படிநிலையையும், கடை ரசீதையும் பொறுத்தது. விவரம் தெரியாதவர்கள் அங்கேதான் ஏமாறுகிறார்கள். அதிலும் வாடகைக்கு இருப்பவர்களும் வயதானவர்களும் அதிகம்.

அரசுத் திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. மத்திய அரசின் உஜாலா திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியது. ஈஈஎஸ்எல் என்ற பொதுத்துறை நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, 9 வாட் பல்பை 70 ரூபாய் அளவில் மூன்று வருட மாற்று உத்தரவாதத்துடன் விற்றது. இதில் மானியம் கிடையாது. 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியதற்குக் காரணம் மொத்தக் கொள்முதல்தான். அதோடு வெளிச்சந்தை விலையும் சரிந்தது. இன்றைக்கு நல்ல பல்பு தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிறது. உஜாலா கவுண்டர் எங்கே என்று அலைவதில் அர்த்தமில்லை.

வாட்ஸ்அப்பில் சுற்றும் "10 ரூபாய்க்கு அரசு பல்பு" கதைக்கும் ஒரு மூலம் உண்டு. 2021இல் கிராம உஜாலா என்று ஒன்று வந்தது. பழைய குண்டு பல்பைக் கொடுத்து 10 ரூபாய்க்கு எல்இடி வாங்கலாம். அது சில மாநிலங்களின் கிராமங்களுக்கானது, சென்னைக்கு இல்லை. அந்த லிங்க்கைத் தட்டி ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுக்காதீர்கள். ஈபியிலிருந்து வருகிறோம் என்று வாசலில் பல்பு விற்க வருபவரிடமும் வாங்காதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டில் ஒரு கோடு இருப்பதுதான் பலருக்குத் தெரியாது. 2024 ஜூலை கட்டணப்படி, 500 வரை பயன்படுத்தினால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35, அடுத்து 400 வரை ரூ.4.70, அதற்கு மேல் 500 வரை ரூ.6.30. மொத்தம் 1,805 ரூபாய். ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டால் அந்த ரூ.2.35 விலையே உங்களுக்கு இல்லை. 101இல் இருந்தே ரூ.4.70 போடுவார்கள். 500க்கு மேல் வரும் யூனிட்டுக்கு ரூ.8.40. பில் 2,048 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 243 ரூபாய்!

அதனால் பல்பு மாற்றுவதில் யாருக்கு லாபம் என்பது வீட்டுக்கு வீடு மாறும். 540 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தினம் ஐந்து மணி நேரம் எரியும் இரண்டு 60 வாட் பல்பை 9 வாட்டுக்கு மாற்றினால் இரண்டு மாதத்தில் 30 யூனிட் மிச்சம். பழைய சோக் வைத்த டியூப்லைட் ஒன்றை 20 வாட் எல்இடி பட்டையாக மாற்றினால் 9 யூனிட். அப்புறம் பூஜை அறையில் இரவும் பகலும் எரிகிற ஜீரோ வாட் பல்பு. பெயரில்தான் ஜீரோ; கண்ணாடிக் குண்டுக்குள் கம்பி எரிகிற அந்தப் பழைய பல்பு 15 வாட் வரை இழுக்கும். இரண்டு மாதத்துக்கு 21 யூனிட்டுக்கு மேல். அரை வாட் எல்இடி நைட் லேம்ப் மாட்டினால் ஒரு யூனிட்கூட ஆகாது. எல்லாம் சேர்ந்து 60 யூனிட் இறங்கி 480இல் நிற்கும். பில் 2,376இல் இருந்து 1,679 ஆகும். ஏறக்குறைய 700 ரூபாய் மிச்சம்.

ஏற்கெனவே 100 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு ஒரு பைசா குறையாது, பில்லே பூஜ்யம்தானே. இருக்கிற சிஎஃப்எல்லைக் கழற்றி எல்இடி போடுவதிலும் பெரிய லாபமில்லை. 15 வாட்டிலிருந்து 9 வாட்டுக்கு வந்தால் இரண்டு மாதத்துக்கு இரண்டு யூனிட்கூட மிஞ்சாது. எரிகிறவரை எரியட்டும். ஏசி ஓடும் வீட்டில் பல்பை மட்டும் மாற்றிவிட்டு பில் பாதியாகும் என்று எதிர்பார்ப்பதும் வீண்.

இவ்வளவு கணக்குப் போட்டு 500க்குள் இறக்கினாலும், ரீடிங் எடுப்பவர் நாள் தள்ளி வந்தால் போச்சு. தினம் 8 யூனிட் ஓடும் வீட்டுக்கு 60 நாளில் 480. அவர் 65ஆம் நாள் வந்தால் 520. பில் 1,679க்குப் பதில் 2,208. ஆபீஸில் போய்க் கேட்டால் "அடுத்த வாட்டி குறைஞ்சிடும் சார்" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். குறையும்தான், ஆனால் ஈடாகாது. அடுத்த ரீடிங் 55 நாளில் வந்து 440 யூனிட் என்றால் பில் 1,427. இரண்டையும் கூட்டினால் 3,635. ஒழுங்காக 60 நாளுக்கு ஒருமுறை எடுத்திருந்தால் 3,358. வித்தியாசம் 277 ரூபாய், தாமதம் அவர்களுடையது, தண்டம் உங்களுக்கு. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினால் "குறைஞ்சிடும் சார்" என்ற பேச்சு நிற்கும்.

எனவே போன ரீடிங் தேதியிலிருந்து 60ஆம் நாள் மீட்டரை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். தேதி, வோல்டேஜ் எல்லாம் வந்து போகும். யூனிட் வரும்வரை பொறுமையாக நின்று எடுங்கள். முடிந்தால் வீடியோவாகவே எடுத்துவிடுங்கள். தாமதமானால் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் பெயருக்கு மனு எழுதி, 60 நாள் யூனிட்டுக்குத் தனியாகக் கணக்கிடக் கேளுங்கள். இன்னொரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் வராதீர்கள். "வெச்சிட்டுப் போங்க, பார்க்கிறோம்" என்ற பேச்சுக்கு எந்த மதிப்பும் கிடையாது. கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபால். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987இல் புகார் சொன்னால் புகார் எண்ணைக் கேட்டு எழுதிவையுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் உங்கள் மின் பகிர்மான வட்டத்தில் மேற்பார்வைப் பொறியாளர் தலைமையில் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதற்கும் மேலே மின்குறை தீர்ப்பாளர். இரண்டுக்கும் வக்கீல் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. தகராறு இருக்கிறது என்று பில் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள்தான் கெடு. ஃபியூஸைப் பிடுங்குவதில் மட்டும் தாமதமே நடக்காது. கட்டிவிட்டுச் சண்டை போடுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் கதை வேறு. பெரிய வீட்டை மூன்றாகத் தடுத்து, ஒரே ஈபி மீட்டரில் மூன்று குடும்பங்களை வைத்து, ஆளுக்கொரு சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது, பத்து என்று வாங்குவது இந்த ஊரில் சர்வசாதாரணம். மூன்று குடும்பத்து யூனிட்டும் ஒரே மீட்டரில் ஏறுவதால் 500 எப்போதோ தாண்டிவிடும். 100 இலவச யூனிட்டும் ஒரு தடவைதான் கிடைக்கும், அது உரிமையாளர் கணக்கில் போய்விடும். அரசு தரும் சலுகை குடித்தனக்காரருக்கு வந்து சேருவதே இல்லை. முதல் யூனிட்டிலிருந்தே ஒன்பது ரூபாய் கொடுப்பவர் என்பதால், எந்த ஸ்லாபிலும் எல்இடியால் நிச்சய லாபம் இவருக்குத்தான் என்பது தனி வேடிக்கை. மேலே சொன்ன 60 யூனிட்டுக்கு இவருக்கு 540 ரூபாய் மிஞ்சும்.

வாடகை பேசும்போதே, சாவி வாங்குவதற்கு முன்பே, "தனி ஈபி மீட்டரா, சப் மீட்டரா?" என்று கேளுங்கள். தனி மீட்டர் என்றால் இணைப்பு எண்ணை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பில்லை நீங்களே ஆன்லைனில் பார்த்துக் கட்டுவதாகச் சொல்லுங்கள். சப் மீட்டர்தான் என்றால் யூனிட் விலையை எழுத்தில் வாங்குங்கள், குடிபோகிற அன்றைய ரீடிங்கைப் படம் எடுங்கள். அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்டால் "எல்லாருக்கும் அதேதாம்மா" என்ற பதில்தான் வரும்.

அபார்ட்மெண்ட்டில் பணம் போகும் இடம் மாடிப்படி. படிக்கட்டு விளக்கும் தண்ணீர் மோட்டாரும் ஓடும் பொது மீட்டருக்கு 100 இலவச யூனிட்டும் இல்லை, மலிவு ஸ்லாபும் இல்லை. 2023இல் யூனிட்டுக்கு ரூ.8.15 என்று இருந்தது. அந்த வருடம் அக்டோபரில் சின்னக் குடியிருப்புகளுக்கு மட்டும் ரூ.5.50 ஆகக் குறைப்பதாக அரசு அறிவித்தது. பத்து வீடு அல்லது அதற்குக் குறைவு, மூன்று மாடி அல்லது அதற்குக் குறைவு, லிஃப்ட் கிடையாது. இந்த மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். எட்டு வீடுதான், ஆனால் லிஃப்ட் உண்டு என்றால் சலுகை இல்லை. வயதானவர்களுக்காகத்தானே லிஃப்ட் போட்டோம் என்று வாதாடிப் பயனில்லை.

தகுதி இருந்தும் பழைய விலையிலேயே கட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அறிவிப்பு வந்ததால் தானாக மாறியிருக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். பொது மீட்டர் பில்லை எடுத்து, மொத்தத் தொகையைப் பார்க்காமல், யூனிட்டுக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மாறவில்லை என்றால், வீடுகளின் எண்ணிக்கை, மாடி, லிஃப்ட் இல்லை என்ற மூன்றையும் எழுதி, எல்லா வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டு, சேர்ந்து மனு கொடுங்கள். ஒருத்தர் மட்டும் போனால் "அசோசியேஷன் லெட்டர் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். கீழ்த்தளம் கார் பார்க்கிங் என்றால் அதை மாடிக் கணக்கில் சேர்த்தார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

படிக்கட்டில் சோக் டியூப்லைட் மூன்று, மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 108 யூனிட். அதே இடத்தில் 9 வாட் பல்பு மூன்று என்றால் 20க்குள். அந்த 2023 விலையான ரூ.8.15இல் பார்த்தாலே 700 ரூபாய்க்கு மேல் மிச்சம். காலை ஒன்பது வரை விளக்கை அணைக்காத வாட்ச்மேனைத் திட்டுவதைவிட இது சுலபம்.

கடைசியாகக் கடை. எல்இடி மீது மக்களுக்கு இருக்கும் பெரிய கோபம் "பத்து வருஷம் எரியும்னாங்க, எட்டு மாசத்துல போச்சு" என்பதுதான். உள்ளே இருக்கும் விளக்குத் துண்டுகள் அவ்வளவு சீக்கிரம் போகாது. அவற்றுக்குக் கரண்ட் கொடுக்கும் சின்ன சர்க்யூட் சூட்டில் வெந்துவிடும். மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டிய பல்பு முதலில் போவதற்குக் காரணம் இதுதான். பாரிமுனைப் பிளாட்பாரத்தில் பெயர் தெரியாத மலிவு பல்பு வாங்கினால் யாரிடம் போய்க் கேட்பது? டப்பாவில் பிஐஎஸ் எனும் இந்தியத் தர நிறுவனத்தின் பதிவு எண், அதாவது ஆர் என்று தொடங்கும் எண், நட்சத்திர முத்திரை, வாடிக்கையாளர் சேவை எண் மூன்றும் இருந்தால்தான் வாங்குங்கள்.

ஆனால் நல்ல பல்பு வாங்கியவர்களும் உத்தரவாதத்தைத் தொலைக்கிறார்கள். "பில் எதுக்குண்ணே, பல்பு மேலயே தேதி போட்டுத் தரேன்" என்று கடைக்காரர் மார்க்கர் பேனாவால் பல்பின் கழுத்தில் எழுதித் தருவார். பல்பின் சூட்டிலும் துடைக்கிற துணியிலும் அந்த மை ஒரு வருடத்தில் மங்கிப்போகும். கடைப் பையனும் மாறியிருப்பான். பில் கேட்டால் ஜிஎஸ்டி தனியாகச் சேரும் என்பார்கள். அது பொய், அச்சிட்ட விலையிலேயே எல்லா வரியும் அடக்கம். 200 ரூபாய்க்குக் குறைந்தால் பில் தேவையில்லை என்பது அடுத்த சாக்கு. ஜிஎஸ்டி பதிவு உள்ள கடையில், வாங்குபவர் கேட்காதவரைதான் அந்த விலக்கு. கேட்டால் தர வேண்டும். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. வாங்கியதும் பில்லைப் படம் எடுத்து வையுங்கள், அந்தத் தாளும் மங்கிவிடும்.

மாற்றிக் கேட்கும்போது "வோல்டேஜ் ஜாஸ்தியாகிப் போச்சு, அதுக்கு வாரண்டி இல்ல" என்பார்கள். பல்பு மேலேயே அது எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று அச்சிட்டிருக்கும். அதைக் காட்டுங்கள். மசியவில்லை என்றால் டப்பாவில் உள்ள சேவை எண், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இத்தனை சின்னத் தொகைக்கு யார் மெனக்கெடுவார் என்ற நம்பிக்கையில்தான் கடைகள் இழுத்தடிக்கின்றன. பல நேரம் 1915 என்று சொன்னாலே புதுப் பல்பு வந்துவிடும்.

ஒரே நாளில் வீட்டில் பல பல்பு போனால் கடையைக் குறை சொல்லாதீர்கள். பல்பு திடீரென்று கண் கூச எரிந்து, ஃபேன் வேகமாகச் சுற்றினால் நியூட்ரல் அறுந்திருக்கலாம். உடனே மெயினை அணைத்துவிட்டு மின்னகத்துக்குச் சொல்லுங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக மினுங்குகிறதா? சுவிட்சில் இண்டிகேட்டர் இருந்தால் அதனால் இருக்கலாம். இல்லையென்றால் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலில் சுவிட்ச் கொடுத்திருக்கிறார்களா என்று எலக்ட்ரீஷியனை டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் ஷாக் அடிக்கும்.

கழற்றிய சிஎஃப்எல்லைச் சாதாரணக் குப்பையோடு போடாதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. தனியாகக் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். கழற்றிய ஜீரோ வாட் பல்பை, "சும்மாதானே கிடக்கு" என்று மாடிப்படியில் மாட்டிவிட்டும் வராதீர்கள். அங்கே 100 யூனிட் இலவசம் இல்லை.