முதுகுக்குள் ஒரு குழவிக்கல்

“இடுப்பில் ஜவ்வு விலகிடுச்சு” என்கிறோமே, முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் அந்த ஜவ்வை, அதாவது டிஸ்க்கை, குறுக்கே வெட்டினால் வெங்காயம் மாதிரி இருக்கும். சுற்றிலும் 15 முதல் 25 அடுக்கு நார். நடுவில் தண்ணீரை உறிஞ்சி உப்பி நிற்கும் கூழ். ஓர் அடுக்கின் நார் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் அடுத்த அடுக்கு வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் உடம்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் பாதி அடுக்குகள் இழுத்துப் பிடிக்கும். பகல் முழுக்க பாரத்தில் தண்ணீரை விடும் கூழ், ராத்திரி படுத்ததும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மாலையைவிடக் காலையில் நாம் ஒரு சென்டிமீட்டராவது உயரமாக இருப்பது இதனால்தான்.

இந்த டிஸ்க் கெட்டுப்போனால் அதை எடுத்துவிட்டு, மேல் கீழ் எலும்புகளை ஒட்டிவிடுவது பழைய வழி. வலி குறையலாம். ஆனால் அந்த இடம் இனி வளையாது. அதன் வேலையும் பக்கத்து டிஸ்க்குகள் தலையில் விழும்.

சரி, வளையும்படி ஏதாவது வைத்தால்? 1960களில் ஸ்வீடனில் உல்ஃப் ஃபெர்ன்ஸ்ட்ரோம் என்ற மருத்துவர் ஓர் எஃகுக் குண்டையே வைத்துப் பார்த்தார். முள்ளெலும்புக்கு வலு ஓரத்தில்தான். நடுவில் பஞ்சு மாதிரி. குண்டு எலும்புக்குள் புதைந்துவிட்டது.

அடுத்த பெரிய முயற்சி 1982இல் கிழக்கு பெர்லினின் ஷாரிடே மருத்துவமனையில் தொடங்கியது. அதைச் செய்த இருவரில் ஒருவர் கரின் பூட்னர்-யான்ஸ். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கம் வாங்கியவர்! முதுகு வளைவதைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுத்திருக்க வேண்டியதில்லை.

வடிவம் எளிமையானது: இரண்டு உலோகத் தகடுகள், நடுவே இரு பக்கமும் உப்பிய பாலிஎத்திலின் பிளாஸ்டிக் வில்லை. அந்த வில்லை எதிலும் ஒட்டாமல் நகரும். விஷயமே அதில்தான் இருக்கிறது. ஆட்டுக்கல்லில் குழவி ஒரே குழியில் சுற்றும். முதுகு அப்படியில்லை, குனியக் குனிய, சுழலும் மையமே இடம் மாறும். மையம் நிலையாக உள்ள பந்து-கிண்ணம் வடிவ டிஸ்க்குகளும் பின்னால் வந்தன. அவற்றைச் சில மில்லிமீட்டர் தள்ளி வைத்துவிட்டாலே பின்பக்கச் சிறு மூட்டுகள் அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளும். நகரும் வில்லை இந்தத் தவறைக் கொஞ்சம் பொறுக்கும்.

ஆனால் 1984இல் பொருத்திய முதல் வடிவத்தின் தகடு சின்னது, அதுவும் புதைந்தது. இரண்டாவதற்கு இறக்கை வைத்தார்கள், இறக்கை முறிந்தது. 1987இல் அகலமான கோபால்ட்-குரோம் தகட்டோடு வந்த மூன்றாவதுதான் நிலைத்தது. அமெரிக்கா அதற்கு 2004இல்தான் அனுமதி தந்தது.

பொருத்துவதற்கு வயிற்றுப் பக்கமாகத்தான் போக வேண்டும். முதுகு வழியே போனால் நரம்புகள் குறுக்கே நிற்கும். அப்படிப் போகும்போது முன்பக்க நார்களை வெட்டியாக வேண்டும். இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தவையே அவைதான். புதிய டிஸ்க் வழுக்குமே தவிர, திருப்பினால் தடுக்காது. அதிர்ச்சியையும் பெரிதாக வாங்காது. அதனால் பின்னால் வந்த சில வடிவங்களில் ரப்பர் போன்ற மெத்தை வைத்து, அதைச் சுற்றி நாரை நெய்திருக்கிறார்கள். வெங்காய அடுக்கை நோக்கித் திரும்பப் போகிறார்கள் என்றே சொல்லலாம். ராத்திரியில் தண்ணீர் குடிக்கும் வேலையை மட்டும் அந்த மெத்தையும் செய்வதில்லை.