கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு: பழைய வீடியோ கேம் வாங்குவோர் கவனத்துக்கு

ஹட்டனில் டிவியும் கேம் மெஷினும் திருத்தும் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க கேம் மெஷினில் செருகி விளையாடும் ‘போகிமான் எமரால்ட்’ என்று சொல்லி விற்கப்பட்ட போலிக் கெசட் ஒன்று இந்த வாரமும் என் மேசைக்கு வந்தது. கொண்டுவந்தவர் நுவரெலியாவில் ஒரு விடுதியில் வேலை செய்யும் இளைஞர். சம்பளத்தில் பாதிக்கு மேல் கொடுத்து, முகம் தெரியாத ஒருவரிடமிருந்து தம்பிக்காக அதை வாங்கியிருக்கிறார். விளையாடிச் சேமித்ததெல்லாம் சில நாட்களில் அழிந்துபோனதால், பட்டரியை மாற்றித் தரும்படி கேட்டார். மூடியைக் கழற்றிக் காட்டி, இது அசல் இல்லை என்று விளக்கிய பிறகும் அவர் சொன்னது இதுதான்: “இல்லண்ணே, நெட்ல இதவிடக் கூடத்தான் போட்டிருக்காங்க. எனக்குக் கொறைச்சுத்தான் குடுத்தாரு.”

இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு மனம் சலித்துவிட்டது. மஸ்கெலியாவிலிருந்து வந்தாலும் பண்டாரவளையிலிருந்து வந்தாலும், ஏமாந்தவர்கள் அனைவரும் இதையே சொல்கிறார்கள். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இணையத்தில் ஒருவர் ஒரு கெசட்டுக்கு ஒரு விலையைப் போட்டிருக்கிறார் என்றால், அந்த விலைக்கு அதை விற்க அவர் ஆசைப்படுகிறார் என்பதற்கு மேல் அதில் எந்தச் செய்தியும் இல்லை. அந்த விலைக்கு யாரும் வாங்காததால்தான் விளம்பரம் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. நியாயமான விலைக்குப் போடப்பட்டவை சில மணி நேரத்திலேயே விற்றுப் போய்விடுவதால், நீங்கள் தேடும்போது கண்ணில் படுவன பெரும்பாலும் விற்காமல் தேங்கியவையே. அவற்றை வைத்து விலையைக் கணிப்பவர், விற்காத விலைகளின் சராசரியைத்தான் கணிக்கிறார். கொழும்புத் தேயிலை ஏலத்தில் எந்தத் தோட்டத்துத் தூள் என்ன விலைக்குப் போனது என்று பேசும் நாம், தோட்டம் என்ன விலை எதிர்பார்த்தது என்று பேசுவதில்லை. அதே வழக்கத்தை இங்கேயும் கடைப்பிடிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

விற்ற விலையைப் பார்க்க வழி இருக்கிறது. ஈபே என்ற இணையச் சந்தையில் தேடும்போது, விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி வடிகட்டலாம். அதைச் செய்தவுடன், கேட்கும் விலைக்கும் கைமாறிய விலைக்கும் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும். பிரைஸ்சார்ட்டிங் என்ற தளம் விற்பனை விலைகளைத் திரட்டி, வெறும் கெசட், பெட்டியும் கையேடும் சேர்ந்தது, பிரிக்காதது என்று தனித்தனியாகக் காட்டுகிறது. இந்தப் பிரிவை மறந்துவிடாதீர்கள். பெட்டியோடு உள்ளதன் விலையைத் தொலைபேசியில் காட்டிவிட்டு, லேபல் கிழிந்த வெறும் கெசட்டை அதே விலைக்குத் தள்ளிவிடுவது நம் ஊரில் அன்றாடம் நடக்கிறது. ஒரே ஒரு விற்பனையைப் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. சமீபத்திய பல விற்பனைகளைப் பார்த்து, மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் நிற்கும் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். ரூபாவுக்கு மாற்றும்போது அன்றைய மாற்று விகிதத்தைப் பாருங்கள். 2022 இல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது ஏற்றிய விலையை, ரூபா ஓரளவு மீண்ட பின்னும் இறக்காத விற்பனையாளர்கள் இருக்கிறார்கள்.

பழையது என்றால் அரியது என்ற எண்ணமும் இதன் உடன்பிறப்பே. 2021 ஜூலையில் அமெரிக்காவில் ‘சூப்பர் மாரியோ 64’ ஒன்று 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது உண்மை. அது பிரிக்கப்படாமல், மிக உயர்ந்த தரச் சான்றோடு, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்த ஒன்று. அதே விளையாட்டு உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேல் விற்றது. பெட்டியில்லாத சாதாரணப் பிரதி எங்கும் கிடைக்கிறது. 1985 இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ நான்கு கோடிக்கும் மேல் விற்றது. அதை எவரும் அபூர்வப் பொருள் என்று சொல்லி உங்களிடம் விற்கக் கூடாது. உண்மையில் அரியவை, வெளிவந்தபோது யாரும் கவனிக்காமல் விட்டவை. சேகா சாட்டர்ன் மெஷின் மேற்கில் வழக்கொழிந்துகொண்டிருந்த 1998 இல் வந்த ‘பான்சர் டிராகூன் சாகா’ ஒன்று. பிரித்தானியாவில் வெளியாவதற்கு முன்பே நிறுத்தப்பட்ட, 2006 ஆம் ஆண்டின் ‘ரூல் ஆஃப் ரோஸ்’ இன்னொன்று. இவற்றுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை. விலை கூடக் கூடப் போலி செய்பவரின் உழைப்பும் கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி அசலைக் கண்டறிவது பற்றி. கேம்பாய் அட்வான்ஸ் கெசட்டுகளில்தான் போலி மிக அதிகம் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். கெசட்டைத் தலைகீழாகப் பிடித்து, தங்க நிறத் தொடுமுனைகள் தெரியும் வாய்க்குள் வெளிச்சம் படும்படி பாருங்கள். அசலில் முனைகளுக்குச் சற்று மேலே உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையில், தயாரித்த நிறுவனமான நிண்டெண்டோவின் பெயர் ஆங்கிலத்தில் அச்சாகியிருப்பது தெரியும். லேபலைச் சாய்த்துப் பிடித்தால், ஓரத்தில் இரண்டு இலக்கங்கள் மையில்லாமல் அழுத்தப்பட்டிருக்கும். விரல் நகத்தால் தடவினாலே உணரலாம். பெரும்பாலான போலிகளில் இது இருக்காது. வேறு சிலவற்றில் எல்லாக் கெசட்டிலும் ஒரே இலக்கம் இருக்கும். எமரால்டின் அசல் ஓடு உள்ளே ஓரளவு தெரியும் பச்சை. மங்கலான, ஒளி ஊடுருவாத பச்சையாக இருந்தால் அத்துடன் பேச்சை நிறுத்திவிடலாம்.

பட்டரி விடயத்தில்தான் மக்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். எமரால்டின் ஆங்கிலப் பதிப்பு 2005 இல் வந்தது. இருபது ஆண்டு பழைய அசல் கெசட்டைப் போட்டவுடன் ‘உள்ளிருக்கும் பட்டரி தீர்ந்துவிட்டது, விளையாடலாம், கடிகாரத்தைச் சார்ந்தவை நடக்காது’ என்ற பொருளில் ஆங்கில அறிவிப்பு வந்தால், அது இயல்பானது. அந்தப் பட்டரி கடிகாரத்துக்கு மட்டுமே. சேமிப்போ, பட்டரி தேவைப்படாத நினைவகத்தில் இருப்பதால் அழியாது. இந்த அறிவிப்பைப் பார்த்துப் பயந்து நல்ல அசலைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. பட்டரி தீர்ந்ததால்தான் சேமிப்பு அழிந்தது என்று நம்பிப் போலியை வைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. எமரால்டில் சேமிப்பு அழிந்தால் முதலில் கெசட்டையே சந்தேகியுங்கள். அதே போகிமான் வரிசையில் வந்த ‘ஃபயர்ரெட்’, ‘லீஃப்கிரீன்’ ஆகிய இரண்டின் அசலிலும் பட்டரியே கிடையாது. உள்ளே பட்டரி இருந்தால் அது போலி. மேலே பேச ஒன்றுமில்லை.

பலகையில் சிப்பை மூடிய கறுப்புப் பிசின் உருண்டை இருந்தால் போலி என்று பொதுவாகச் சொல்வார்கள். கேம்பாய் அட்வான்ஸுக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் நிண்டெண்டோவின் பழைய ஜப்பானிய மெஷினான ஃபேமிகாமின் கெசட்டுகளில், வேறு நிறுவனங்கள் உரிமத்தோடு தயாரித்த சில அசல்களிலும் அந்த உருண்டை உண்டு. ஒரே அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

சீடிகளுக்குச் சுருக்கமாக: முதலாவது ப்ளேஸ்டேஷனின் அசல் அடிப்பக்கம் கறுப்பு, ஆனால் கறுப்பு அடியுள்ள வெற்றுச் சீடிகளும் சந்தையில் இருந்தன. ப்ளேஸ்டேஷன் 2 இல் நீல அடியென்றால் நகல் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். சீடி வடிவில் வந்த அதன் அசல்களுக்கு நீல அடிதான். நடுவளையத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்தும் மேற்பக்க அச்சின் தரமுமே பேச வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் முதலில் பிராந்தியத்தைப் பாருங்கள். கேம்பாய் வகைகளுக்குப் பிராந்தியத் தடை, அதாவது ஒரு பகுதிக்கென வந்த விளையாட்டு வேறு பகுதியின் மெஷினில் ஓடாமல் செய்யும் தடை, இல்லை. ஜப்பானியக் கெசட் அதற்குரிய வகைக் கேம்பாய் எந்த நாட்டினதாக இருந்தாலும் ஓடும், விலையும் பெரும்பாலும் குறைவு, மொழி மட்டும் ஜப்பானியம். ப்ளேஸ்டேஷன் 1, 2 ஆகியவற்றுக்குத் தடை உண்டு. ஃபேமிகாம் கெசட்டுக்கு 60 முனை, அமெரிக்க, ஐரோப்பிய நிண்டெண்டோ மெஷினின் கெசட்டுக்கு 72 முனை. ஒன்று மற்றதில் பொருந்தாது. ஜப்பானில் வேலை செய்யும் உறவினர் இருந்தால், அங்குள்ள பழைய பொருள் கடைகளில் ‘ஜங்க்’ என்று எழுதிய கூடையில் தேடச் சொல்லுங்கள். சோதித்துப் பார்க்காதவை என்பதுதான் அதன் பொருள். கெசட் என்றால் பெரும்பாலும் சுத்தம் செய்தாலே ஓடும், மெஷின் என்றால் அந்தத் துணிவு வேண்டாம்.

மெஷின் வரவழைப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம் வீட்டில் 230. அடப்டரின் அடியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் செருகாதீர்கள். முனை மாற்றும் சிறிய செருகி மின்னழுத்தத்தைக் குறைக்காது. கையில் கிடைத்த வேறு அடப்டரையும் ஃபேமிகாமில் மாட்டாதீர்கள்; அதன் செருகியில் நடுமுனைதான் எதிர்மின் முனை, நம் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான அடப்டர்களில் அது நேர்மின் முனை. ஆரம்பகால ஃபேமிகாம் ஜப்பானிய டிவி அலைவரிசையில் மட்டுமே படம் தருவதால், நம் டிவியில் அது பிடிக்காது. 1993 இல் வந்த, ஏவி வயர் மாட்டும் மாடலைத் தேடுங்கள்.

சுங்கத்தில் வரி கணக்கிடுவது பொருளின் விலையோடு அனுப்பும் கூலியும் சேர்ந்த தொகைக்கே. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 சதவீதம். அதோடு வேறு தீர்வைகளும் சேரலாம். ஆகவே உள்ளூர் விற்பனையாளர் ஈபே விலைக்கு மேல் கொஞ்சம் கேட்டால் அவரைக் கொள்ளைக்காரர் என்று திட்டுவது நியாயமில்லை. விற்ற விலை, தபால் செலவு, வரி, அவருடைய உழைப்புக்கு ஒரு தொகை என்று கூட்டிப் பாருங்கள். அதற்குள் நின்றால் பேரம் பேசி வாங்குங்கள். அதைப்போல் இரண்டு மடங்கு கேட்டால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்; அவசரப்படாதவருக்கு அது இன்னொரு நாள் நிச்சயம் கிடைக்கும்.

நம் மலையகத்திலேயே தேட இடம் இருக்கிறது. சவூதி, குவைத் என்று வேலைக்குப் போன நம் தாய்மார் டிவியோடு கேம் மெஷினும் கொண்டுவந்த காலம் ஒன்று இருந்தது. அவை லயத்து அலுமாரிகளுக்கு மேலும் பெட்டிகளுக்குள்ளும் இன்னமும் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல் மெஷின்கள்; ‘9999 இன் 1’ என்று எழுதிய மஞ்சள் கெசட்டில் இருப்பது சில விளையாட்டுகளே, அவைதான் திரும்பத் திரும்ப வரும். சிறுவயது நினைவுக்காகச் சில நூறு ரூபாவுக்கு வாங்கலாம், அரும்பொருள் விலை கொடுக்க வேண்டாம். ஆனால் இடையிடையே உண்மையான அசலும் கிடைக்கும். அப்போது சேகரிப்பாளர்களான நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பொருளின் மதிப்பு தெரியாத அம்மாவிடம் ஐந்நூறு ரூபாவை நீட்டிவிட்டு, அதை ஐம்பதாயிரத்துக்கு விற்றதாகப் பெருமை பேசுவதை என் கடையிலேயே கேட்டிருக்கிறேன். பல ஆண்டுகள் பாலைவன வெயிலில் உழைத்து அவர் கொண்டுவந்த பொருள் அது. நியாய விலை என்பது வாங்கும்போது ஒன்று, விற்கும்போது ஒன்று என்று இருக்க முடியாது. விற்ற விலையை அவருக்கும் காட்டி, அதில் பாதியாவது கொடுங்கள்.

பணம் கொடுப்பதில் கண்டிப்பாக இருங்கள். முன்பணத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்பவரிடம் வாங்காதீர்கள். முன்பக்கம், பின்பக்கம், தொடுமுனை, முடிந்தால் கழற்றிய பலகை ஆகியவற்றின் படங்களை, அன்றைய திகதி எழுதிய தாளோடு கேளுங்கள். படம் தர மறுப்பவரோடு பேரம் எதற்கு? கூரியரில் வந்தபின் காசு கொடுக்கும் முறையும் முழுப் பாதுகாப்பு இல்லை, ஏனெனில் காசு கொடுத்த பிறகுதான் பெரும்பாலும் பார்சலைப் பிரிக்க விடுகிறார்கள். பிரிப்பதை முதலிலிருந்து இறுதிவரை வீடியோ எடுங்கள். கடையில் வாங்கினால் பற்றுச்சீட்டில் ‘அசல்’ என்று எழுதி வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற எண்ணில் முறையிட அந்தச் சீட்டு வேண்டும்.

விளையாடுவது மட்டுமே உங்கள் நோக்கம் என்றால், அரிய கெசட்டைத் தேடி அலைவதற்கு முன் அது மறுவெளியீடாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும் விலைக்குப் போகும் ‘எர்த்பவுண்ட்’ 2022 இல் நிண்டெண்டோ ஸ்விட்ச்சின் சந்தாச் சேவையில் வந்துவிட்டது.

வாங்கிய பின் செய்யக் கூடாதவை. நம் ஊர்ப் பனியிலும் ஈரத்திலும் தொடுமுனையில் பச்சைக் களிம்பு பிடிக்கும். வாயால் ஊதினால் அது இன்னும் கூடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொண்டுவருகிறார்கள், தங்கப் பூச்சே போய்விடுகிறது, பிறகு என்னால் எதுவும் செய்ய முடிவதில்லை. 99 சதவீத ஐசோபுரோப்பைல் அல்கஹோலைக் காது துடைக்கும் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போதும். போகிமான் கோல்ட், சில்வர் போன்ற பழைய கேம்பாய் கெசட்டுகளில் சேமிப்பே பட்டரியில்தான் நிற்கிறது, எமரால்டைப் போல் அல்ல. அந்த சிஆர் 2025 பட்டரியை மாற்றும்போது உள்ளே இருக்கும் சேமிப்பு போய்விடும். அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால், கழற்றுவதற்கு முன்பே திருத்துபவரிடம் சொல்லுங்கள். தகுந்த கருவி இருந்தால் முதலில் கணினியில் நகலெடுத்து வைத்துவிட்டு, புதிய பட்டரியைப் பற்றவைத்த பின் திரும்ப ஏற்றிவிடலாம்.